நாற்பது, நாற்பத்தைந்து, நாற்பது

ஜூன் 1, சனி

இந்த நோட்டு நானாக வாங்கியது இல்லை. கம்பெனி கொடுத்தது. வருடாந்திர மதிப்பீட்டில் எனக்கு வேலை அறிவுக்கு ஐந்துக்கு ஐந்து. ‘உடன் பணிபுரிபவர்கள் மீது கன்சர்ன்’ என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று. பால்பவுடர் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவனுக்கு மெஷின் மேல்தானே கன்சர்ன் இருக்க வேண்டும்? கேட்டேன். பதிலாக நான்கு சனிக்கிழமை வகுப்பு போட்டுவிட்டார்கள்.

வகுப்பு எடுப்பவர் ரோஸ்லின். கோயம்புத்தூரிலிருந்து வருகிறார். என் வயதுதான் இருக்கும். ஜலதோஷம், கையில் கர்ச்சீப். நீலத்தாள் ஒன்று கொடுத்தார். அதில் ஏழு ஆங்கில வார்த்தைகள்: வொரீட், கன்சர்ண்ட், ஆங்ஷியஸ், அப்ரிஹென்சிவ், அன்ஈஸி, நெர்வஸ், டிஸ்ட்ரெஸ்டு. தினமும் நாட்குறிப்பு எழுதி, கடைசியில் அன்றைக்குப் பொருந்தும் வார்த்தையைப் போட வேண்டுமாம்.

“மேடம், ஏழுக்கும் தமிழ்ல ஒரே வார்த்தை. கவலை. அதப் போட்டா முடிஞ்சுது.”

“அதப் போடக் கூடாது. அதுக்குத்தான் ஏழு.”

“எழுதினதப் படிப்பீங்களா?”

“படிக்க மாட்டேன். பக்கம் நிரம்பியிருக்கான்னு மட்டும் பாத்து கையெழுத்துப் போடுவேன்.”

யாரும் படிக்காத லாக் புத்தகத்தில் எவன் உண்மையை எழுதுவான்? சொன்னேன். அவர் தும்மினார்.

நாலு மணிக்குச் செல்வி போன் செய்தாள். வளைகாப்பு முடிந்து சாத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். இன்று முப்பத்து மூன்றாவது வாரம் முடிந்து செக்கப். குழந்தை வயதுக்குக் கொஞ்சம் சிறியதாக இருக்கிறதாம். டாக்டர் வசுமதி என்ன சொன்னார் என்று கேட்டேன். “‘நத்திங் டு வொரி, பட் ஐ ஆம் எ லிட்டில் கன்சர்ண்ட்’னாங்க” என்றாள்.

இதற்கு என்ன அர்த்தம்? கவலைப்பட ஒன்றுமில்லை, ஆனால் கவலையாக இருக்கிறது. ஒரு மீட்டர் ஒரே நேரத்தில் பச்சையும் சிவப்பும் காட்டினால் அந்த மீட்டரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

வார்த்தை: தெரியவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

துணி துவைத்தேன். கேஸ் தீர்ந்தது. பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டேன்.

டாக்டர் சொன்ன முறை இது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடப்பக்கமாகப் படுக்க வேண்டும். குழந்தையின் அசைவை எண்ண வேண்டும். பத்து அசைவு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வராவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். தெளிவான முறை. இப்படிச் சொல்லத் தெரிந்தவர் எதற்கு வொரி, கன்சர்ன் என்று குழப்புகிறார்?

லேப்டாப்பில் அட்டவணை போட்டேன். முதல் நாள்: 52 நிமிடம்.

ஜூன் 3, திங்கள்

71 நிமிடம்.

“எழுபத்தொண்ணா? நேத்து அம்பத்திரண்டு. ஏன் கூடுச்சு?”

“எனக்கென்னங்க தெரியும்? தூங்குச்சோ என்னவோ.”

“இடப்பக்கம்தான படுத்த? எத்தன மணிக்குச் சாப்பிட்ட? என்ன சாப்பிட்ட? நடுவுல எந்திரிச்சியா? போன் பாத்தியா? விட்டுப்போச்சா?”

“விட்டுப்போகல.”

“அப்ப எப்படி பத்தொம்பது நிமிசம் கூடும்? காரணம் இல்லாம கூடாது செல்வி. யோசிச்சுச் சொல்லு.”

போனை அத்தை வாங்கினார்கள். “மாப்ள, வயித்துல இருக்கிற புள்ளைய எண்ணக் கூடாது. கண்ணு பட்ரும். நாங்கள்லாம் எண்ணியா பெத்தோம்?”

“அத்தை, எண்ணினா கண்ணு படும்னா ஆஸ்பத்திரியையே மூடிடலாம்” என்றேன். போனை வைத்துவிட்டார்கள். பிறகு நான்கு தடவை கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை செல்வி எடுத்து, நாளையிலிருந்து சரியாக எண்ணுகிறேன் என்றாள்.

வார்த்தை: டிஸ்ட்ரெஸ்டு போடலாமா என்று யோசித்தேன். அது இன்னும் பெரிதுக்கு வைத்தது போலிருக்கிறது. காலியாக விடுகிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

40. முறையாகச் செய்தால் முறையாக வரும்.

ஜூன் 5

45. கேஸ் வந்தது.

ஜூன் 6

40. வார்த்தை தேவைப்படவில்லை.

ஜூன் 8, சனி

நேற்று எழுத மறந்துவிட்டேன். நேற்று 35, இன்று 45.

வகுப்பில் ஏழு வார்த்தைகளையும் ஒன்றிலிருந்து ஏழு வரை வரிசைப்படுத்திப் போர்டில் எழுதினேன். அன்ஈஸி முதல் கோடு. நெர்வஸ் இரண்டு. இப்படியே போய் டிஸ்ட்ரெஸ்டு சிவப்புக் கோடு. பிரஷர் கேஜ் மாதிரி. எல்லாரும் கை தட்டினார்கள். ரோஸ்லின் தட்டவில்லை.

“இது ஒரே மீட்டரோட ஏழு கோடு இல்லீங்க குமரேசன். ஏழு வேற வேற மீட்டர். ஒண்ணு சூடு, ஒண்ணு பிரஷர், ஒண்ணு தண்ணி மட்டம். வொரிங்கறது உங்க மண்டைக்குள்ள சுத்துறது. உங்களோடது. கன்சர்ன் இன்னொரு ஆளப் பாத்து நிக்கிறது.”

“அப்ப அப்ரிஹென்சிவ்?”

“வரப்போறது ஒண்ணு இருக்கு, அதப் பாத்து.”

“ஆங்ஷியஸ்?”

“என்ன வருதுன்னே தெரியல. ஆனா வயித்தப் பிசையுது.”

“ரெண்டும் ஒண்ணுதான மேடம்?”

“கல்யாணம் ஆயிடுச்சா உங்களுக்கு?”

“ஆயிடுச்சு.”

“பாவம் அவங்க” என்றார். வகுப்பே சிரித்தது. சரி. ஆனால் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் மூன்று மீட்டர் ஓடலாமா, ஒன்றில் பூஜ்யம் காட்டி இன்னொன்றில் உச்சம் காட்டலாமா? கேட்க நினைத்தேன். நேரம் முடிந்துவிட்டது. டாக்டர் வொரியில் பூஜ்யம், கன்சர்னில் கொஞ்சம். அப்படி வைத்துக்கொண்டால் அவர் சொன்னது குழப்பம் இல்லை. வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் தெரியவில்லை.

ஜூன் 10, திங்கள்

நேற்று 40. இன்று 40.

இன்று பாய்லர் ஹவுஸில் பெரிய சத்தம். சத்தம் என்னுடையது.

பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப்பின் பேரிங் சூட்டை மணிக்கு ஒரு தடவை ஆபரேட்டர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். எண்பதைத் தாண்டினால் பம்ப்பை நிறுத்த வேண்டும். லாக் ஷீட்டை எடுத்தேன். 60, 60, 65, 60, 65, 60. ஒரு வாரமாக இதே தாளம். எந்தப் பேரிங்கும் இப்படி அறுபதிலும் அறுபத்தைந்திலும் மட்டும் ஓடாது. நிஜ ரீடிங் என்றால் 61 வரும், 58 வரும், 63 வரும். இது நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய ரீடிங். முதல் வருட டிரெயினிகூடக் கண்டுபிடிப்பான். வெப்பமானியைப் பேரிங்கில் வைத்துப் பார்த்தேன். 83.

ஆபரேட்டர் பழனியப்பன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்: “இது என்ன, கோலமா? இல்ல ரீடிங்கா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “போன மாசம் எழுவத்தெட்டுன்னு பாத்து எழுதுனனுங்க சார். நீங்க வந்து ஏன் எழுவத்தெட்டு, எப்ப கிரீஸ் வெச்ச, எவ்வளவு வெச்ச, கண்ணு தெரியுதா, கண்ணாடி போட்டிருக்கியான்னு அரை மணி நேரம் கேட்டீங்க. அறுவதுன்னு எழுதுற அன்னிக்கு நீங்க ஒண்ணுமே கேக்கறதில்லீங்க.”

பொறுப்பில்லாத பதில். மெமோ கொடுத்தேன். பேரிங் மாற்ற ஆள் போட்டேன்.

வார்த்தை: எதுவும் இல்லை. கோபம் பட்டியலிலேயே இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

செல்வி இன்று 45 என்றாள். அட்டவணையில் போட்டேன். சேமிக்கும்போது முழு நிரலும் கண்ணில் பட்டது.

52
71
40
45
40
35
45
40
40
45

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ வந்தது, ஆறியது.

வார்த்தை:

ஜூன் 12, புதன்

காலையிலேயே கூப்பிட்டேன். கேட்டுவிடுவது என்றுதான் எடுத்தேன். “செல்வி” என்றேன். “சொல்லுங்க” என்றாள். “சாப்பிட்டியா” என்றேன். “இட்லி” என்றாள். “சரி” என்று வைத்துவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்று எழுத முடியவில்லை. கேட்டால் அவள் இன்று 52 என்றோ 47 என்றோ சொல்லுவாள். சொல்லிவிடுவாள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஏன், எப்படி, எப்போதிலிருந்து என்று கேட்கக் கேட்க நம்பர் இன்னும் அழகாக வரும். இது வொரியா? மண்டைக்குள் சுற்றுகிறது, ஆமாம். வரப்போவதைப் பார்த்தா? என்ன வரப்போகிறது என்றே தெரியவில்லை. வயிற்றைப் பிசைகிறது. நீலத்தாளை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக டிக் போட்டுப் பார்த்தேன். ஆறு வார்த்தைக்கு டிக் விழுந்தது. கன்சர்ண்டுக்கு மட்டும் போட முடியவில்லை. இன்னொரு ஆளைப் பார்த்து நிற்பது என்றார் ரோஸ்லின். நான் பத்து நாளாக அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் பாய்லர் ஹவுஸுக்குப் போனேன். பழனியப்பன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மெமோ சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது.

“ஒண்ணு கேக்கணும். உங்ககிட்ட நிஜ ரீடிங் வேணும்னா நான் எப்படிக் கேட்டிருக்கணும்?”

அவர் சந்தேகமாகப் பார்த்தார். இன்னொரு மெமோவுக்கு அடி போடுகிறேன் என்று நினைத்திருப்பார். “போன்ல கேட்டா அறுவதுதான் வருமுங்க சார்” என்றார். “பக்கத்துல வந்து நின்னா மீட்டரே காட்டுமுங்கல்ல. அப்புறம் என்னைய எதுக்குக் கேக்கறீங்க?”

நாலு மணிக்குச் செல்வி 40 என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. “ஏங்க, உடம்பு சரியில்லையா?” என்றாள்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 13, வியாழன். சாத்தூர்

ஈரோட்டிலிருந்து முதல் பஸ். மதுரையில் மாறினேன். ஒரு மணிக்கு வீட்டு வாசலில் நின்றேன்.

“வாங்க மாப்ள. என்ன சொல்லாம கொள்ளாம?” அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. “அங்க ஏதும் பிரச்சினையா?”

“சும்மா பாக்கணும் போல இருந்துச்சு.”

நான் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. செல்வி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வீங்கியிருந்தது. போனில் கால் தெரியாது.

சாப்பிட்ட பிறகு அவள் இடப்பக்கமாகப் படுத்தாள். நான் பாயில் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேரம் 2.10. வயிற்றின் மேல் என் கையை அவளே எடுத்து வைத்தாள். மின்விசிறி சத்தம். வெளியே பாத்திரக்காரன் கூவிக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் ஒன்று. மிக லேசாக, துணிக்குள் விரலை மடக்கியது போல. மூன்று மணிக்கு இன்னொன்று. நான் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். நான்கு மணி வரை மொத்தம் நான்கு.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நா எண்ணவே இல்லங்க.”

“ம்.”

“மொத ரெண்டு நாளுதான் எண்ணுனேன். அம்மா எண்ணாதன்னாக. அதுக்காக இல்ல. எழுபத்தொண்ணுன்னு சொன்னதுக்கு நீங்க கேட்டீக பாருங்க. நாந்தான் என்னமோ தப்பு பண்ணிட்ட மாதிரி. மறுநாளு படுத்தேன். நேரம் ஆக ஆக, பத்து வரலேன்னா உங்ககிட்ட என்ன சொல்றதுன்னுதான் ஓடுச்சு. புள்ளைய நெனைக்கல, உங்களத்தான் நெனைச்சேன். எந்திரிச்சு நாப்பதுன்னு சொல்லிட்டேன். நீங்க ‘வெரி குட்’ன்னீக.”

ஆமாம். சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை, என்றிலிருந்து குறைந்தது, காலையில் அசைந்ததா, எல்லாக் கேள்வியும் வரிசையில் நின்றது. “செருப்பப் போடு. டாக்டர்ட்ட போலாம்” என்றேன்.

அத்தை பின்னாலேயே ஓடிவந்தார்கள். “நாந்தான் எண்ண வேண்டாம்னேன் மாப்ள. அவள வையாதீக.”

“யாரையும் வையல அத்தை. நீங்களும் ஆட்டோல ஏறுங்க.”

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பட்டை கட்டி அரை மணி நேரம் இதயத் துடிப்பைக் காகிதத்தில் ஓட்டினார்கள். பிறகு ஸ்கேன். குழந்தையைச் சுற்றியுள்ள நீர் குறைந்துவிட்டது. துடிப்பு இருக்கிறது, ஆனால் சோர்வாக இருக்கிறது. டாக்டர் வசுமதி கண்ணாடியைக் கழற்றினார். “நவ் ஐ ஆம் வொரீட்” என்றார். அட்மிட் செய்து நுரையீரல் வளர ஊசி போட்டு, இரண்டு நாள் பொறுக்கப் பார்ப்பார்களாம். பொறுக்க முடியாவிட்டால் உடனே எடுப்பார்களாம்.

ஒன்றாம் தேதி கன்சர்ண்ட், இன்று வொரீட். அவர் கன்சர்ண்டாக இருந்தபோது நாங்கள் செய்ய ஒன்று இருந்தது, எண்ணுவது. அதைத்தான் கொடுத்தார். இப்போது எங்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. இதுதான் வித்தியாசமா? அல்லது நான் மறுபடியும் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேனா? தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஊசி. காகிதத்தில் துடிப்பு. ஊசி. செல்வி தூங்கும்போது கையை வைத்துக்கொண்டேன். எண்ணினேன், யாரிடமும் சொல்லவில்லை. ஆறு.

ஜூன் 15, சனி

மூன்றாவது வகுப்பு போகவில்லை. ரோஸ்லின் செய்தி அனுப்பினார்: “நோட்டுல இந்த வாரக் கையெழுத்து இல்ல.”

காரணம் எழுதினேன். கூடவே, ஏழு வார்த்தையில் எதுவும் பொருந்தவில்லை என்றும் எழுதினேன்.

பதில் வந்தது: “அப்ப எட்டாவதா ஒண்ணு நீங்களே எழுதிக்குங்க. மொதல்ல போன வெச்சிட்டு வார்டுக்குப் போங்க.”

ஜூன் 16, ஞாயிறு

காலை எட்டரைக்குத் துடிப்பு இறங்கியது. ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டார்கள். எங்கே போடுவது என்று தெரியாமல் தேதிக் கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். நர்ஸ் வேறு தாள் கொடுத்தார்.

ஒன்பது இருபதுக்கு அழுகைச் சத்தம். சின்னச் சத்தம்.

பெண். ஒரு கிலோ தொள்ளாயிரம்.

ஜூன் 17, திங்கள்

குழந்தையைத் தனி அறையில் சூட்டு விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள். தானாக மூச்சு விடுகிறாள். செல்விக்குக் காய்ச்சல் இல்லை.

அத்தையைக் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: “கையில பத்து, கால்ல பத்து. எல்லாம் சரியா இருக்கு மாப்ள. ரெண்டு தடவ எண்ணிட்டேன்.”

எண்ணக் கூடாது என்றீர்களே அத்தை என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. காபி வாங்கி வந்து கொடுத்தேன்.

ஜூன் 19, புதன்

பழனியப்பன் போன் செய்தார். “சார், பொண்ணுன்னு சொன்னாங்க. சந்தோசமுங்க. அப்புறமுங்க… புது பேரிங் எழுவத்தி ஒண்ணு காட்டுதுங்க.”

“சரி. சொன்னதுக்கு நன்றி. ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்துட்டு மறுபடி சொல்லுங்க.”



“சார், நீங்கதான பேசறீங்க?”

ஒரு மணி நேரம் கழித்து 66 என்றார். புது கிரீஸ் பரவும் வரை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். போன மாதம் அவர் எழுபத்தெட்டு எழுதியபோதே எனக்கு இது தெரியும். போய் மெமோவைத் திரும்ப வாங்க வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

குழந்தையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டார்கள். இன்னும் உறிஞ்சத் தெம்பு இல்லை. மூக்கு வைத்த சின்னப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறாள். ஒவ்வொரு வேளையும் எத்தனை மில்லி குடித்தாள் என்று கட்டிலில் தொங்கும் தாளில் தாயே எழுத வேண்டும். இருபதைத் தொட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். இன்று எந்த ஆங்கில வார்த்தையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாளை கடைசி வகுப்பு, போகப்போவதில்லை. நோட்டில் பாதிக்கு மேல் வார்த்தைக் கட்டம் காலியாக இருக்கிறது. எட்டாவது வார்த்தையும் கிடைக்கவில்லை. கையெழுத்து கிடைக்காது.

சாப்பாடு வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது செல்வி தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேனா நின்றது. தாளை மறைக்கவில்லை. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குனிந்து பார்த்தேன்.

11, 8, 13, 4, 9, 16, 7.

ஒன்றுகூட ஐந்திலும் முடியவில்லை, பூஜ்யத்திலும் முடியவில்லை.

“நாலுதான் குடிச்சா அந்த வேளை” என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அடுத்த வேளை எத்தன மணிக்கு?” என்றேன். “நானும் இருக்கேன்.”